அம்புக்கு உப்பு யார் போட்டது?

கம்ப்யூட்டர் திரையில் ஓடும் அம்புக்குக் கர்சர் என்று பெயர். கர்சர் என்றால் லத்தீனில் 'ஓடுபவன்'. கம்ப்யூட்டரில் வேலைக்குச் சேர்வதற்கு முன்பே அவனுக்கு ஓர் உத்தியோகம் இருந்தது. கால்குலேட்டர் இல்லாத காலத்தில் இன்ஜினியர்கள் சட்டைப்பையில் செருகிக்கொண்டு திரிந்த ஸ்லைடு ரூலில்தான் அந்த வேலை. 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் அமெடே மன்ஹைம் என்ற பிரெஞ்சு பீரங்கிப்படை அதிகாரி, அந்தக் கோலின் மேல் நகரும் துண்டு ஒன்றை வழக்கத்துக்குக் கொண்டுவந்தார். பிற்பாடு அது கண்ணாடித் துண்டாகி, நடுவில் மயிரிழை போல ஒரு கோடும் வந்தது. அதற்குப் பெயர்தான் கர்சர். அடியில் இருக்கும் எண் பளிச்சென்று தெரியும்.

அதாவது, நம் ஆள் அந்த வேலையில் இருந்தபோது சுத்தமான கண்ணாடி. கம்ப்யூட்டருக்கு வேலை மாறியதும் அந்தக் கண்ணாடியைத் தொலைத்தான். தொலைத்ததைத் திரும்ப வாங்கிக் கொடுக்க உலகத்து நிரலாளர்கள் எல்லாம் பல பத்தாண்டுகள் அலைந்தார்கள். விர்ச்சுவல் மெஷின் வைத்திருப்பவர்கள் இன்னமும் அலைகிறார்கள்.

1968 டிசம்பர் 9. சான் ஃபிரான்சிஸ்கோவில் ஒரு மேடை. டக்ளஸ் எங்கல்பார்ட் என்பவர் மவுஸ் என்ற சாதனத்தை ஊருக்குக் காட்டினார். அதன் முதல் மாதிரி மரக்கட்டையைக் குடைந்து செய்தது. திரையில் ஓடிய புள்ளிக்கு அவருடைய ஆட்கள் வைத்திருந்த செல்லப்பெயர் 'பக்', அதாவது பூச்சி. பெற்றவர்களே பூச்சி என்று பெயர் வைத்துவிட்டார்கள். அதன் ஜாதகத்தில் பிறகு என்னென்ன நடந்தது என்று ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

அப்போது அந்தப் பூச்சி நேரான அம்பாக நின்றது, காலை பிரேயரில் நிற்கும் பையன் மாதிரி. 1973-இல் ஜெராக்ஸ் நிறுவனத்தார் ஆல்ட்டோ என்ற கம்ப்யூட்டரைச் செய்தபோது கர்சருக்கு ஒதுக்கிய இடம் 16-க்கு 16 புள்ளி. அந்த இத்துனூண்டு கட்டத்தில் நேரான அம்பு வரைந்தால் அம்பாகத் தெரியவில்லை, நசுங்கிய ஆணியாகத் தெரிந்தது. இடது ஓரத்தை நிமிர்த்தி, மறுபக்கத்தைச் சாய்த்தால் புள்ளிகள் ஒழுங்காக விழுந்தன. அன்று சாய்ந்தவன்தான், அரை நூற்றாண்டாகியும் நிமிரவில்லை. மொத்த அம்புக்கும் செலவு 32 பைட். இன்று நீங்கள் போனில் 'சாப்பிட்டாச்சா' என்று ஒரு வார்த்தை அடித்தால், யுடிஎஃப்-8 கணக்கில் 42 பைட் ஆகிறது. விசாரிப்பு அம்பைவிடக் கனம்.

32 பைட்டில் எங்கே கண்ணாடிக்கு இடம்? ஒன்று புள்ளி இருக்கும், இல்லையென்றால் இருக்காது. அப்புறம் வந்தவர்கள் ஒரு படத்தோடு இன்னொரு படத்தைச் சேர்த்துவிட்டார்கள். அந்த இரண்டாவது படம்தான் மாஸ்க். விண்டோஸ் வழியில் இரண்டுமே மாஸ்க்: ஒன்றுக்குப் பெயர் அண்ட் மாஸ்க், மற்றதற்கு எக்ஸார் மாஸ்க். இரண்டும் பூஜ்யமானால் அந்தப் புள்ளி கறுப்பு. முதலாவது பூஜ்யம், இரண்டாவது ஒன்று என்றால் வெள்ளை. முதலாவது ஒன்று, இரண்டாவது பூஜ்யம் என்றால் அடியில் இருப்பதை அப்படியே விட்டுவிடு. இதுவரை வம்பில்லை.

இரண்டும் ஒன்றாக இருந்தால்தான் வேடிக்கை. அடியில் என்ன நிறமோ அதற்கு நேர்மாறு. கீழே வெள்ளை என்றால் இவன் கறுப்பு, கீழே கறுப்பு என்றால் இவன் வெள்ளை. சொந்தமாகக் கொள்கை கிடையாது, ஆளுங்கட்சி என்ன சொன்னாலும் எதிர்த்துப் பேசுவதே கொள்கை. எழுத்துகளுக்கு நடுவில் வந்து நிற்கும் அந்த 'ஐ' வடிவக் குச்சி இந்தக் கட்சிதான். ஆனால் ஆளுங்கட்சி நட்டநடு சாம்பலாக இருந்துவிட்டால்? முழு வெள்ளை 255 என்ற கணக்கில் 127-ஐத் திருப்பிப் போட்டால் 128. இரண்டையும் பிரித்துப் பார்க்க மனிதக் கண்ணால் ஆகாது. எதிர்க்கட்சி எங்கே என்று தேடிக்கொண்டு நாம் மவுஸை உலுக்க வேண்டியதுதான்.

இதற்கிடையே சினிமாக்காரர்கள் வேறு வழியில் போய்க்கொண்டிருந்தார்கள். 1970-களின் கடைசியில் நியூயார்க் இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜியில் எட் கேட்மல், ஆல்வி ரே ஸ்மித் இருவரும் ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலத்தோடு நான்காவதாக ஓர் எண்ணைச் சேர்த்தார்கள். இந்தப் புள்ளி எவ்வளவு மறைக்கிறது என்று சொல்லும் எண் அது. சூத்திரத்தில் இருந்த கிரேக்க எழுத்தையே எடுத்து 'ஆல்ஃபா' என்று பெயரிட்டார்கள். 1984-இல் தாமஸ் போர்ட்டர், டாம் டஃப் இருவரும், நிறத்தை ஆல்ஃபாவால் முன்கூட்டியே பெருக்கி வைத்துக்கொண்டால் வேலை சுலபம் என்று ஒரு கட்டுரை எழுதினார்கள். நால்வருக்கும் 1996-இல் ஆஸ்கார்காரர்கள் தொழில்நுட்ப விருது கொடுத்தார்கள்.

அதே 1984-இல்தான் மேகிண்டாஷ் வந்தது. விண்கலம் பறக்கும் படத்துக்குப் பாதி மறைப்பு, கால் மறைப்பு என்று நுணுக்கமாக எடை போட்டவர்கள் காலத்தில், நம் அம்பு இன்னும் உண்டு-இல்லை கணக்கில்தான் கிடந்தது. விண்டோஸ் 2000-இல் அதற்கு ஒரு மெல்லிய நிழல் கிடைத்தது. லினக்ஸ் பக்கம் திரையை வரையும் எக்ஸ் நிரலான எக்ஸ்ஃப்ரீ86-இன் 4.3 பதிப்பு 2003-இல் வந்து முழு ஆல்ஃபா கர்சரைக் கொடுத்தது. ஆஸ்கார் மேடையிலிருந்து மேஜைக்கு இறங்கிவர அவ்வளவு காலம்.

சரி, இப்போது குடித்தனக்காரர் வருகிறார்.

விர்ச்சுவல் மெஷின் என்பது வாடகை வீட்டில் இருந்துகொண்டு, தான்தான் வீட்டுக்காரர் என்று நம்பும் மனிதர். 1999-இல் விஎம்வேர் வொர்க்ஸ்டேஷன், 2003-இல் ஃபாப்ரிஸ் பெல்லார்டின் கியூஇஎம்யூ என்று இந்தக் குடித்தனங்கள் பெருகின. உள்ளே இருப்பவர் கெஸ்ட், உண்மையான வீட்டுக்காரர் ஹோஸ்ட். கெஸ்ட் தனக்கென்று ஓர் அம்பு வரைவார். ஹோஸ்ட்டும் தன் அம்பை வரைவார். ஒரே திரையில் இரண்டு அம்பு. ஒன்று முன்னால் ஓட, மற்றது கல்யாண வீட்டில் மாப்பிள்ளைத் தோழன் மாதிரி பின்னாலேயே ஓடிவரும். சில நேரம் வீட்டுக்குள் போன மவுஸ் வெளியே வரவே வராது. கன்ட்ரோலையும் ஆல்ட்டையும் சேர்த்து அமுக்கி மீட்க வேண்டும். இதைத் தீர்க்க கியூஇஎம்யூ கெஸ்ட்டிடம் ஒரு பொய் சொன்னது: "உன்னிடம் இருப்பது மவுஸே இல்லை, யுஎஸ்பி டேப்லெட்." அதாவது, ஓவியர்கள் பேனா வைத்துத் தேய்க்கும் பலகை. பலகை 'இந்த இடம்' என்று நேரடியாக முகவரி சொல்லும், மவுஸ் மாதிரி 'கொஞ்சம் இடது, கொஞ்சம் மேலே' என்று சொல்லாது. கெஸ்ட் அப்பாவி, நம்பிவிட்டார். மவுஸும் சிறை மீண்டது.

அம்பு வரையும் தகராறுக்கும் ஒரு சமரசம் ஏற்பட்டது. கெஸ்ட் தானே வரையாமல், "என் அம்பு இப்படி இருக்கும், நீங்களே வரைந்துவிடுங்கள்" என்று படத்தை ஹோஸ்ட்டிடம் கொடுத்துவிட வேண்டும். நல்ல ஏற்பாடு. கைமாறும் வழியில்தான் கண்ணாடி உடைந்தது.

கியூஇஎம்யூ பல ஆண்டுகள் தன்னை 1990-களின் சிரஸ் லாஜிக் கிராபிக்ஸ் கார்டு என்று சொல்லிக்கொண்டு திரிந்தது. அந்தக் கார்டின் கர்சரில் இரண்டே நிறம். ஆல்ஃபாவை அது கேள்விப்பட்டதே இல்லை. ஒரு கம்ப்யூட்டரின் திரையை இன்னொன்றில் காட்டுவதற்காகக் கேம்பிரிட்ஜில் பிறந்த விஎன்சியோ, அம்பின் வண்ணங்களை அழகாக அனுப்பியது, ஆனால் மறைப்புக்கு ஒரு பிட் மாஸ்க் மட்டும். அந்த ஏற்பாட்டுக்கு அடையாள எண் மைனஸ் 239. கடன் கணக்கு மாதிரியே இருக்கிறது. கால்வாசி மறைக்கும் மெல்லிய நிழலை அதில் போட்டால் ஒன்று நிழலே காணாமல் போகும், அல்லது அம்புக்குக் கீழே அடுப்புக்கரி கொட்டினாற்போல் ஆகும். பிற்பாடு மைனஸ் 314 என்று ஆல்ஃபாவோடு கூடிய இன்னொரு எண் வந்தது. கடன் கூடியது, ஆனாலும் அது உருப்படியான கடன்.

ஆல்ஃபாவே கைமாறத் தொடங்கியதும் சண்டை சமையலறைக்குள் போயிற்று. போர்ட்டரும் டஃபும் சொன்ன அந்த முன்பெருக்கல் இருக்கிறதே, அது குழம்புக்கு உப்பு போடுகிற கதை. லினக்ஸின் எக்ஸ் உலகத்தில் கர்சர் படம் உப்பு போட்டே வரும். விண்டோஸ் கர்சர் கோப்பில் உப்பில்லாமல் வரும், பரிமாறும்போது போட்டுக்கொள்ள வேண்டும். விண்டோஸ் கெஸ்ட், லினக்ஸ் ஹோஸ்ட் என்றால் மாமியார் மருமகள் கதைதான். அவர் போட்டிருப்பார் என்று இவரும் இவர் போடுவார் என்று அவரும் இருந்தால் சப்பென்று இருக்கும். இரண்டு பேரும் போட்டால் வாயில் வைக்க முடியாது.

அம்பின் விளிம்பில் ஒரு வெள்ளைப் புள்ளி, ஆல்ஃபா 128, அதாவது பாதி மறைப்பு. உப்பு போட்ட பின் அதன் நிறமும் 128. கறுப்புத் திரையில் வைத்தால் 128 என்ற சாம்பல் வர வேண்டும், அதுதான் பதம். ஹோஸ்ட் இன்னொரு தரம் பெருக்கினால் 64, விளிம்பெல்லாம் கரி. யாருமே பெருக்காவிட்டால் 255, விளிம்பெல்லாம் சுண்ணாம்பு. போதாததற்கு ஒருவர் சிவப்பை முன்னால் வைத்திருப்பார், மற்றவர் நீலத்தை. விண்டோஸில் சுற்றிக்கொண்டிருக்க வேண்டிய நீல வளையம் ஆரஞ்சாகி, மிட்டாய்க்கடை மாதிரி சுற்றும்.

அந்த எதிர்க்கட்சிக் குச்சி இங்கே சுத்தமாக அநாதை. 'எவ்வளவு மறைக்கிறேன்' என்று சொல்ல ஆல்ஃபாவுக்குத் தெரியும், 'எதிர்க்கிறேன்' என்று சொல்ல அதில் வார்த்தையே கிடையாது. ஆகவே சில ரிமோட் டெஸ்க்டாப் நிரல்கள் குச்சியைக் கறுப்பு-வெள்ளைக் கட்டமாக மாற்றி, கோலம் போட்டு அனுப்பிவைத்தன. அழகில்லை, ஆனால் எந்தத் திரையிலும் பாதியாவது தெரியும். எனக்கு இந்த ஏமாற்று வேலை பிடித்திருக்கிறது.

படத்தோடு கைமாற வேண்டியது இன்னொன்றும் உண்டு, ஹாட்ஸ்பாட். அம்பின் எந்தப் புள்ளி சொடுக்குகிறது என்ற விவரம் அது. லினக்ஸ் கெர்னலில் திரையைக் கையாளும் முறையை 'அடாமிக்' என்ற பெயரில் புதுப்பித்தபோது, இந்த விவரத்துக்கு இடம் ஒதுக்க மறந்தார்கள். நேரே கார்டில் வரையும் கம்ப்யூட்டருக்கு அது தேவையில்லை. படத்தை ஹோஸ்ட்டிடம் கொடுக்கும் கெஸ்ட்டுக்கு அது உயிர். வீட்டுச் சாமானெல்லாம் லாரியில் ஏற்றி, சாவியை மட்டும் பழைய வீட்டில் விட்டுவந்த கதை. பிறகுதான் தனியாக ஒரு ஏற்பாடு செய்து சேர்த்தார்கள்.

நான் பழைய அலுவலகம் ஒன்றில் இந்த உப்புச் சண்டையில் மாட்டினேன். அம்பைச் சுற்றி அசிங்கமான கரி விளிம்பு. எங்கள் டெஸ்டர் தங்கச்சியிடம் காட்டினால், "இங்க நல்லாத்தானே இருக்கு அண்ணா" என்றது. ஒரு வாரம் இதே பேச்சு. கடைசியில் சீனியர் அண்ணன் தங்கச்சியின் மெஷினில் திரையை எட்டு மடங்கு பெரிதாக்கிப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். தங்கச்சி கறுப்பு அம்பு வைத்திருந்தது. கறுப்பு என்றால் பூஜ்யம். ஒரு தரம் பெருக்கினாலும் பூஜ்யம், ஒன்பது தரம் பெருக்கினாலும் பூஜ்யம். எத்தனை பேர் உப்பு போட்டாலும் அந்தக் குழம்பில் ஏறாது. விண்டோஸின் வழக்கமான வெள்ளை அம்புக்கும் வெளி விளிம்பு கறுப்புதான். அதனால்தான் இந்தத் தவறு இத்தனை நாள் ஒளிந்துகொண்டிருந்தது.

இரண்டு வரியைத் திருத்தினோம். கரி போயிற்று, நிழல் வந்தது, விளிம்பு வெண்ணெய் மாதிரி வழுவழுத்தது. மேனேஜரைக் கூப்பிட்டுக் காட்டினோம். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு திரைக்குக் கிட்டே குனிந்தார்.

"எல்லாம் சரிப்பா. ஆனா கண்ணுக்கே தெரியமாட்டேங்குது. கொஞ்சம் பெருசா, கறுப்பா வச்சுக் குடுத்துடறியா?"