மீந்துபோன பாட்டுகள்

"நல்லா இருந்திருந்தா ஆல்பத்துலயே போட்டிருப்பாங்கல்ல மாமா?" என்றான் அக்கா மகன். போன ஞாயிற்றுக்கிழமை, என் காரில், பின்சீட்டில் காலை நீட்டிக்கொண்டு, சிப்ஸ் தின்றபடி. இன்னும் வயிறு எரிகிறது.

ஓடிக்கொண்டிருந்தது ஆர்.இ.எம். குழுவின் 'டெட் லெட்டர் ஆபீஸ்'. 1987-ல் வந்த பி-சைடு தொகுப்பு, அதாவது சிங்கிள் தட்டுகளின் பின்பக்கத்துக்குத் தள்ளப்படும் பாட்டுகள். அவனுக்குச் சொல்ல என்னிடம் பதில் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரையே. அதற்கு முன் சிலவற்றைத் தெளிவுபடுத்திவிடுகிறேன்.

'லூசிங் மை ரிலிஜன்' ஒன்றை மட்டும் கேட்டுவிட்டு, "நானும் ஆர்.இ.எம். ஃபேன்தான் சார்" என்று கைகுலுக்க வருகிற கூட்டமில்லை நாம். அவர்களிடம் "ஓ, அப்படியா" என்று சொல்லும்போது உதடு ஒரு பக்கமாகக் கோணுமே, உங்களுக்கும் கோணும், எனக்குத் தெரியும். ஒரு பாட்டு நமக்குப் பிடிக்கவேண்டுமென்றால் அது பக்கத்து வீட்டுக்காரருக்குத் தெரிந்திருக்கக் கூடாது. பாடியவருக்கே மறந்துபோயிருந்தால் இன்னும் உத்தமம்.

நம் கட்சிக்குச் சாட்சி இல்லாமலில்லை. தி ஸ்மித்ஸ் குழுவின் 'ஹவ் சூன் இஸ் நவ்?' 1984-ல் இன்னொரு பாட்டின் பின்பக்கத்தில்தான் முதலில் ஒண்டிக்கொண்டிருந்தது. மறுவருடமே அதைத் தனி சிங்கிளாக வெளியிட வேண்டியதாயிற்று. விவாதத்தில் நான் எப்போதும் முதலில் எடுத்து வீசுவது இதைத்தான். இரண்டாவதாக வீச எதுவும் கைவசம் இல்லாததால் அதையே இன்னும் கொஞ்சம் சத்தமாக வீசுவேன்.

'டெட் லெட்டர் ஆபீ'ஸுக்கு வருவோம். பழைய சாமான் கடையில் துழாவுவது போன்ற சமாசாரம் இது என்று கிட்டாரிஸ்ட் பீட்டர் பக்கே அட்டையில் எழுதிவிட்டார். மொத்தம் பதினைந்து பாட்டு. அதில் மூன்று வெல்வெட் அண்டர்கிரவுண்டிடம் கடன் வாங்கியவை, ஒன்று ஏரோஸ்மித்திடம். 'பர்னிங் டவுன்' என்று ஒரு பாட்டு. அது அலுத்துப்போனதும் அதிலிருந்து ஒன்றிரண்டு பகுதிகளை உருவி 'ஏஜஸ் ஆஃப் யூ' என்று இன்னொன்று செய்தார்கள். அதுவும் அலுத்துப்போயிற்று. இரண்டையும் இதே தொகுப்பில் போட்டு நம் தலையில் கட்டிவிட்டார்கள். நாமும் இரண்டில் எது மேல் என்று அடித்துக்கொள்கிறோம்.

ஆனால் 'வாய்ஸ் ஆஃப் ஹெரால்ட்' ஒன்று போதும். வட கரோலினாவின் சார்லட் நகரத்து ஸ்டுடியோவில், 1984-ல் வந்த 'ரெக்கனிங்' ஆல்பத்தின் ஒலிப்பதிவு. 'செவன் சைனீஸ் பிரதர்ஸ்' பாட்டைப் பாடவந்த மைக்கேல் ஸ்டைப்புக்குக் குரல் தொண்டையைத் தாண்டி வரவில்லை. தயாரிப்பாளர்களில் ஒருவரான டான் டிக்ஸன், அங்கே கிடந்த ஒரு கிறிஸ்தவப் பக்திப்பாடல் தட்டை எடுத்து நீட்டினார். மனிதர் அதன் பின்னட்டையில் அச்சாகியிருந்த புகழுரையை, அதே மெட்டில், முதலிலிருந்து கடைசிவரை பாடிவிட்டார். உருகி உருகி. குரல் திறந்துகொண்டது. அதற்குப் பிறகு பாடிய அசல் வரிகள் ஆல்பத்துக்குப் போயின. அட்டை வாசகம் பி-சைடுக்கு வந்தது.

இதைத் தெரிந்துகொண்ட நாளிலிருந்து கையில் கிடைத்ததையெல்லாம் அந்த மெட்டில் பாடிப் பார்க்கிறேன். கல்யாணப் பத்திரிகை கச்சிதமாக உட்காரும். "நிகழும் மங்களகரமான" என்று தாழ்வாகத் தொடங்கி, முகூர்த்த நேரத்தில் மெல்ல ஏற்றி, "இருவீட்டார் அழைப்பின் பேரில்" என்று பல்லவிக்குத் திரும்பிவிடலாம். "தங்கள் நல்வரவை விரும்பும்" என்பதற்குப் பிறகு வரும் பெயர்ப் பட்டியலில்தான் மூச்சு வாங்கும். மாப்பிள்ளைக்கு நான்கு சித்தப்பா இருந்தால் ஒருவரை விட்டுவிட வேண்டியதுதான். இருமல் மருந்துப் பெட்டியில் "நன்றாகக் குலுக்கவும்" அருமையான பல்லவி. குக்கரோடு வந்த சிறு புத்தகத்தில் கேஸ்கெட் பற்றிய பத்தி கொஞ்சம் இழுக்கும். மின்கட்டண ரசீது ஒத்துவராது, எண்கள் அதிகம். எங்கள் குடியிருப்புச் சங்க அறிவிப்புப் பலகையில் "மொட்டை மாடியில் துணி காயப்போடுவோர் கவனத்திற்கு" என்று ஒரு தாள் ஒட்டியிருக்கிறார்கள். அதிலுள்ள சோகத்தைப் பாடினால்தான் உணர முடியும். "மீறினால் துணிகள் அப்புறப்படுத்தப்படும்" என்ற இடத்தில் எனக்கே தொண்டை அடைத்தது. வருமானவரி நோட்டீஸைப் பாதிவரை பாடினேன். வீட்டில், "கேஸ் போடுறவர் வாசல்ல நிக்கிறார், கொஞ்சம் நிறுத்துறீங்களா?" என்றாள். ஊறுகாய் பாட்டிலை இன்னும் தொடவில்லை. சேர்மானப் பொருள்கள் வரிசை நம்பிக்கை அளிக்கிறது.

எங்கே விட்டேன்? ஆங், பதில்.

அதற்குள் கடைசிப் பாட்டைச் சொல்லிவிடுகிறேன். 'கிங் ஆஃப் தி ரோட்' ரோஜர் மில்லருடைய நல்ல பாட்டு. இவர்கள் முழுப் போதையில் அதை வதம் செய்திருக்கிறார்கள். நியாயம் என்று ஒன்று இருந்தால் மில்லர் வழக்குப் போடலாம் என்று பீட்டர் பக்கே ஒப்புக்கொள்கிறார். அதற்கு முன்னால் வருவது அவர்கள் ஊரான ஏதென்ஸில் (கிரேக்க ஏதென்ஸ் அல்ல, அமெரிக்காவின் ஜார்ஜியா) இருந்த பார்பிக்யூ கடைக்கான விளம்பரப் பாட்டு. அதிலும் அதே போதை. இவை இரண்டையும் நான் தாண்டிவிட்டுக் கேட்டதே கிடையாது. பிடித்துக் கேட்கிறேன் என்று யார் சொன்னது?

சிடியில் இந்த இரண்டையும் கடந்தால்தான் 'குரோனிக் டவுன்' வரும். 1982-ல் தனித் தட்டாக வந்த ஐந்து பாட்டு. அந்தக் குழு செய்ததிலேயே அழகானவை என்று நான் சண்டை பிடிக்கக்கூடிய ஐந்து. அவற்றைத் தொகுப்பின் கடைசியில் ஒட்டவைத்து விற்றார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு குடிகாரக் கச்சேரியைக் கேட்டு முடித்தவனுக்குக் கிடைத்த கூலி அது. 2022-ல், நாற்பதாம் ஆண்டு என்று சொல்லி, 'குரோனிக் டவு'னை முதன்முறையாகத் தனி சிடியாகப் போட்டுவிட்டார்கள். இனி எவனும் பார்பிக்யூ கடையைக் கடக்க வேண்டாம். மில்லருக்கு நேர்ந்த கதியைக் காதால் கேட்க வேண்டாம். வாங்குகிறான், போடுகிறான், முதல் விநாடியிலேயே அந்தக் கிட்டார் வந்துவிடுகிறது. யாரைக் கேட்டு இப்படிச் செய்தார்கள்?