மஞ்சள் கருவை யார் தின்றார்கள்?

பழைய அரண்மனைகளுக்கும் பழைய வீடுகளுக்கும் சின்னப் பிள்ளைகளைக் கூட்டிப்போகக் கூடாது என்று சொல்கிறவர்கள் ஏராளம். ஓடும், தொடும், கத்தும், பாதியில் ஐஸ்கிரீம் கேட்கும் என்பது குற்றப்பத்திரிகை. அத்தனையும் உண்மைதான். ஆனாலும் நான் பிள்ளைகள் கட்சி. மனிதர்கள் குடியிருந்த ஓர் இடத்தைப் பார்க்க முழுத் தகுதி பிள்ளைகளுக்குத்தான் இருக்கிறது. பெரியவர்கள் வேண்டுமானால் துணைக்கு வரலாம். ஏனென்றால், பெரியவர் உள்ளே காலெடுத்து வைத்ததுமே அது வீடு என்பதை மறந்து பாடப்புத்தகமாக்கி விடுகிறார். பிள்ளைக்கு அந்த வித்தை தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் வீடு ஒன்றுதான். எங்கே படுத்தார்கள், என்ன சாப்பிட்டார்கள், ராத்திரியில் அவசரமாக ஒன்றுக்கு வந்தால் எங்கே போனார்கள் என்றுதான் அது கேட்கும். ஒரு வீட்டைப் பற்றிக் கேட்கவேண்டிய முதல் மூன்று கேள்விகளும் அவையே.

தக்கலைக்குப் பக்கத்தில் உள்ள பத்மநாபபுரம் அரண்மனையையே எடுத்துக்கொள்வோம். 18ஆம் நூற்றாண்டின் கடைசிவரை திருவிதாங்கூரின் தலைநகரம். ஆறரை ஏக்கரில் மரத்தால் இழைத்த மாளிகைகள். 1956இல் கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. அரண்மனை நிர்வாகம் மட்டும் கேரளத் தொல்லியல் துறையிடமே இருக்கிறது. ‘அப்போ இது யார் வீடு?’ என்று எந்தப் பிள்ளையும் கேட்கும். பெரியவர் அதற்குள் அறிவிப்புப் பலகையை உரக்கப் படிக்கத் தொடங்கியிருப்பார். ‘மார்த்தாண்ட வர்மா ராஜா, 1729 முதல் 1758 வரை. எங்கே, திருப்பிச் சொல்லு?’ முகப்பு மண்டபமான பூமுகத்தின் மரக்கூரையில் தொண்ணூறு பூக்கள், ஒன்றைப்போல் ஒன்று இருக்காது என்று சொல்வார்கள். பெரியவர் ‘அப்படியா!’ என்று நம்பி, செல்போனில் ஒரு படம் பிடித்து நகர்ந்துவிடுவார். கழுத்தை அண்ணாந்து எண்ணத் தொடங்குவது பிள்ளைதான். இருபத்து மூன்றில் கணக்குத் தப்பும், மறுபடியும் ஒன்றிலிருந்து ஆரம்பிக்கும். சொன்னதை நம்பாமல் எண்ணிப் பார்ப்பதற்குப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி என்று பெயர், உதவித்தொகையும் உண்டு. இங்கே அதற்குக் கிடைப்பது ‘வா வா, நேரமாச்சு’.

அந்த அரண்மனையின் தரை பேர்போனது. கறுப்பாக, எண்ணெய் தடவியதுபோல மினுங்கும். செருப்பைக் கழற்றிப்போட்டு வெறுங்காலோடுதான் நடக்கவேண்டும், உள்ளங்காலில் குளிர்ச்சி ஏறும். சிரட்டைக் கரி, சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு எல்லாம் சேர்த்து இழைத்த தரை என்பது வழிவழியாகச் சொல்லப்படும் பக்குவம். பெரியவர்கள் ‘அந்தக் காலத்து வேலையே வேலை’ என்று பெருமூச்சு விடுவார்கள். பிள்ளை குப்புறப் படுத்துத் தன் முகம் தெரிகிறதா என்று பார்த்துவிட்டு எழுந்து கேட்கும்: ‘அப்போ மஞ்சள் கருவை என்ன பண்ணாங்க?’ இதைச் சிறுபிள்ளைத்தனம் என்று ஒதுக்குவது எளிது. கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். இத்தனை அறைகளுக்கு எத்தனை முட்டை, அத்தனை முட்டைக்கு எத்தனை கோழி, அத்தனை கோழியை வளர்த்தது எந்த ஊர், காசு கொடுத்து வாங்கினார்களா, வரியாகப் பிடுங்கினார்களா? ஓர் அரசின் பொருளாதாரம் முழுக்க அந்த மஞ்சள் கருவுக்குள் இருக்கிறது. போர்ச்சுகலில் கன்னிமாடத்துத் துணிக்குக் கஞ்சி போட வெள்ளைக்கருவை எடுத்துக்கொண்டு, மிஞ்சிய மஞ்சள் கருவைப் பலகாரமாக்கியதால்தான் அந்த நாட்டு இனிப்புகள் அத்தனை மஞ்சளாயின என்று சொல்வதுண்டு. ஆக, உலகத்தில் இன்னும் சிலரும் இந்தத் திசையில் யோசித்திருக்கிறார்கள். நம் பிள்ளைக்குக் கிடைக்கும் பதிலோ, ‘சும்மா வாயேன்’.

நடுவில் உள்ள உப்பரிகை மாளிகை நான்கு நிலை. அடித்தளத்தில் கஜானா, அதற்கு மேல் ராஜாவின் படுக்கையறை. தலையணைக்கு அடியில் சுருக்குப்பையை வைத்துக்கொண்டு தூங்கும் பாட்டியின் ஏற்பாடுதான், கொஞ்சம் பெரிய அளவில். இதைப் பிள்ளையிடம் விளக்கவே வேண்டாம், பாட்டியோடு படுத்த பிள்ளைக்குத் தானே புரியும். அங்கே அறுபத்து நான்கு வகை மருந்து மரங்களில் செய்த கட்டில் ஒன்று இருக்கிறது, டச்சுக்காரர்கள் கொடுத்த பரிசாம். அதே டச்சுக்காரர்களைத்தான் 1741இல், பக்கத்திலேயே இருக்கும் குளச்சலில், மார்த்தாண்ட வர்மாவின் படை தோற்கடித்தது. இரண்டு செய்தியையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டுப் பெரியவர் அடுத்த அறைக்குப் போய்விடுவார், அவருக்கு அதில் முரண் எதுவும் தட்டுப்படாது. ‘அடி வாங்கினவங்க எதுக்குக் கட்டில் குடுத்தாங்க?’ என்று பிள்ளை நிற்கும். பதில் மிளகு. டச்சுக் கம்பெனிக்கு மிளகு வேண்டும், ராஜாவுக்குத் துப்பாக்கி வேண்டும். 1753இல் மாவேலிக்கரையில் உடன்படிக்கை போட்டுக்கொண்டார்கள். அடித்தவனிடமே போய் வியாபாரம் பேசுவது பெரியவர்கள் உலகத்தின் வழக்கம் என்பதைப் பிள்ளை சீக்கிரமாகத் தெரிந்துகொள்வது நல்லதுதான்.

பொருள்களுக்குச் சேதம் வருமே என்பார்கள். வரும், கையைப் பிடித்துக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் நம் நாட்டுப் பழைய சுவர்களையும் தூண்களையும் நாசமாக்கிய கீறல்களைக் கிட்டப் போய்ப் படியுங்கள். இரண்டு பெயர், நடுவே அம்பு துளைத்த இதயம், கீழே வருடம். ஏழு வயதுப் பிள்ளைக்கு இப்படி எழுத ஆளும் இல்லை, அவசியமும் இல்லை. அடுத்தது சத்தம். நூற்றுக்கணக்கானவர்கள் சமைத்து, சுமந்து, சண்டை போட்டு, கூப்பிட்டு, அழுது வாழ்ந்த இடத்தில் ஆஸ்பத்திரி அமைதி எதற்கு? அந்த வீட்டின் இயல்புக்கு நெருக்கமானது பிள்ளையின் கூச்சல்தான். களைத்துப் போகுமே என்பதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். ஐந்து வயதுக்குட்பட்டதை எல்லா மாளிகைக்கும் இழுத்தடிப்பது இரு தரப்புக்கும் கொடுமை. நாலு அறை போதும். காசு கொடுத்து டிக்கெட் எடுத்தோமே என்று எல்லா அறையையும் பார்த்துத் தீர்ப்பது பந்தியில் வயிறு நிறைந்த பிறகும் பாயசத்தை விடாத புத்தி.

வருடமும் பெயரும் மனதில் நிற்காவிட்டால் அழைத்துப்போய் என்ன பயன் என்பதுதான் படித்தவர்களின் பெரிய ஆட்சேபம். அந்த அரண்மனையில் 38 கிலோ எடையுள்ள கல் ஒன்றைக் காட்டி, படையில் சேர வருகிறவன் இதைத் தலைக்குமேல் 101 தடவை தூக்கவேண்டும் என்பார்கள். கூட்டிப் பார்த்தால் 3,838 கிலோ, வளர்ந்த ஒரு யானையின் எடைக்குப் பக்கத்தில் வருகிறது. ‘நூறாவது தடவை கை நழுவினா?’ ‘எண்ணினது யாரு?’ ‘அந்தாளே தூக்கிப் பார்த்திருப்பானா?’ என்று பிள்ளை கேட்கும். அந்தக் கேள்விகளில் உள்ள சந்தேகத்தைப் பள்ளிக்கூடப் புத்தகம் கற்றுத்தராது. வருடத்தைப் பிறகு மனப்பாடம் செய்துகொள்ளலாம், தேர்வுக்கு முதல் நாள் ராத்திரி இருக்கவே இருக்கிறது.

என் கணிப்பு, பெரியவர்கள் உண்மையில் பயப்படுவது ஓட்டத்துக்கும் கூச்சலுக்கும் அல்ல. ஊட்டுப்புரை என்று ஒரு நெடிய கூடம் இருக்கிறது, ஆயிரம் பேர் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடலாம். அந்த நீளத்தைப் பார்த்ததும் பிள்ளைக்கு ஓடத்தான் தோன்றும். ஓடி முடித்துத் திரும்பி வந்து மூச்சிரைக்கக் கேட்கும்: ‘நாம வந்திருந்தா நமக்கும் சோறு போட்டிருப்பாங்களா?’ திருவிதாங்கூரின் ஊட்டுப்புரைகள் பெரும்பாலும் பிராமணர்களுக்கு அன்னமிடவே நடந்தவை. மற்றவர்களில் பலருக்குப் பந்தி இருக்கட்டும், கோவில் வாசலே அடைத்திருந்தது. 1936இல்தான் அரசர் பிரகடனம் போட்டுத் திறந்தார். ‘நமக்கு’ என்ற சொல்லுக்கு என்ன பதில் என்பது கேட்கும் குடும்பத்தைப் பொறுத்தது. அந்த இடத்தில் அப்பா சட்டென்று வெளியே கை நீட்டி, ‘அதோ பார் மணிக்கூண்டு, எவ்வளவு பழைய கடிகாரம்!’ என்பார். பிள்ளை கடிகாரத்தைப் பார்க்கும், மணி என்ன என்று சொல்லும், பிறகு அதே கேள்வியை அம்மாவிடம் கேட்கும்.