அடிதடிக்கு இலை போடலாமா?

1929 மே 16. ஹாலிவுட் ரூஸ்வெல்ட் ஹோட்டலில் முதல் ஆஸ்கர் விழா. கால் மணி நேரத்தில் விருதுகளைக் கொடுத்து முடித்துவிட்டார்கள். (இப்போது ஒப்பனைக் கலைஞரில் தொடங்கி ஒன்றுவிட்ட சித்தப்பா வரை நன்றி சொல்லவே அது போதாது.) சிறந்த படம் 'விங்ஸ்'. முதல் உலகப் போர், ஆகாயத்தில் டமால் டுமீல்; அக்மார்க் மசாலா. அதில் வேண்டுமென்றே விமானத்தைத் தரையில் மோதிக் காட்டிய டிக் கிரேஸுக்குக் கழுத்தெலும்பு முறிந்ததுதான் மிச்சம். ஸ்டண்டுக்கு ஒரு விருது தரலாம் என்று ஆஸ்கர் வழங்கும் அகாடமி அறிவித்தது 2025-ல். கையில் கொடுக்கப்போவது 2028-ல். பொறுத்தார் பூமியாள்வார்.

அதே விழாவில் கலைப் படத்துக்கென்று இன்னோர் உச்ச விருதும் இருந்தது. இயக்குநர் முர்னாவின் 'சன்ரைஸ்' வாங்கியது. மறு வருஷமே அந்தப் பிரிவைத் தூக்கிவிட்டு ஒரே பந்தியாக்கினார்கள். கலைக்காரர்கள் அந்தப் பந்தியில் சம்மணமிட்டு உட்கார்ந்துகொண்டு, வந்த அடிதடிக்காரனைப் பார்த்து "நீ யாருப்பா, பெண் வீடா, மாப்பிள்ளை வீடா?" என்றார்கள்.

தேரோட்டம் காட்டிய 'பென்ஹர்' 11 விருதுகளை அள்ளியது உண்மைதான். கதையில் இயேசு இருந்ததால் யாரும் வாய் திறக்கவில்லை. சுறாவுக்கு அந்தச் சிபாரிசு இல்லை. 'ஜாஸ்' சிறந்த படத்துக்குப் பரிந்துரை ஆனது. இயக்கிய ஸ்பீல்பெர்க்குக்கு நாமம். இத்தனைக்கும் படப்பிடிப்பில் அந்த இயந்திரச் சுறா பாதி நாள் வேலையே செய்யவில்லை!

2009-ல் 'தி டார்க் நைட்'டுக்கு 8 பரிந்துரைகள், சிறந்த படம் தவிர. ரசிகர்கள் போட்ட சத்தத்தில், சிறந்த படப் பரிந்துரைக்குப் போட்ட ஐந்து இலை பத்தானது. அடுத்த ஆண்டே வசூல் சக்கரவர்த்தி 'அவதார்' உள்ளே வந்தது. விருதை 'தி ஹர்ட் லாக்கர்' தட்டிக்கொண்டு போனது. இயக்கியவர் கேத்ரின் பிகலோ, 'அவதார்' கேமரூனின் முன்னாள் மனைவி.

2018 ஆகஸ்டில் ஜனரஞ்சகப் படத்துக்குத் தனி விருது என்று அறிவித்தார்கள், அதாவது திண்ணையில் சாப்பாடு. கண்டபடி திட்டு விழ, செப்டம்பரிலேயே கிடப்பில் போட்டார்கள். 'பிளாக் பாந்தர்' பெரிய பந்தியிலேயே வந்து உட்கார்ந்தது. படத்தின் முதலாளி டிஸ்னி; விழாவை ஒளிபரப்பிய ஏபிசிக்கும் அதே முதலாளி.

என் வயிற்றெரிச்சல் 2016-ஐப் பற்றியது. 'மேட் மேக்ஸ்: ஃப்யூரி ரோடு' படத்தில் எடிட்டிங், உடை, அரங்கம், ஒப்பனை, ஒலிக்கு இரண்டு என ஆறும் சிறந்தவையாம், படம் மட்டும் இல்லையாம். எடிட்டிங் விருது மார்கரெட் சிக்ஸலுக்கு. இயக்கிய கணவர் ஜார்ஜ் மில்லருக்கு, மனைவிக்காகக் கைதட்டும் வாய்ப்பு.