பஸ் பித்தன் ஒருவன் மேலிடத்துக்கு எழுதுவது

உவர்மலை,
திருகோணமலை.

பஸ் வாங்கவும், வாங்கியதற்கு நிறம் பூசவும், பூசிய நிறத்தை மாற்றவும், வழித்தடம் கொடுக்கவும், கொடுத்ததை மறக்கவும் அதிகாரம் பெற்ற மேலிடத்துக்கு,

விடயம்: துறைமுகக் கரையில் ஓடும் பஸ்களும் ஓடாத பஸ்களும்

ஐயா, அம்மணி, எவராயினும்,

உறையின்மேல் உங்கள் பெயரை எழுதாமல் விட்டதை மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்ள வேண்டாம். எந்தப் பெயரை எழுதுவது என்பதில்தான் சிக்கல். 1958 ஜனவரி முதலாந் திகதி, பண்டாரநாயக்க அரசாங்கம் தனியார் பஸ் கம்பனிகளை எடுத்து ஒன்றாக்கி இலங்கைப் போக்குவரத்துச் சபை என்று பெயர் வைத்தது. 1978இல் ஒரு சட்டம் வந்து, அதை மத்திய சபை ஒன்றும் பிராந்திய சபைகள் ஒன்பதுமாகப் பிரித்தது. அடுத்த ஆண்டு தனியார் பஸ்கள் திரும்பி வந்தன. தொண்ணூறுகளில் 'மக்கள்மயப்படுத்தல்' என்று சொல்லி டிப்போவுக்கொரு கம்பனி ஆக்கினீர்கள். மக்கள் ஏறி அமர்வதற்குள் அந்தக் கம்பனிகளைக் கொத்துக் கொத்தாகச் சேர்த்தீர்கள். கடைசியில் 2005ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தால் அவ்வளவையும் அள்ளிப் போட்டு மீண்டும் இலங்கைப் போக்குவரத்துச் சபை. நாற்பத்தேழு ஆண்டு ஓட்டம். இறங்கியது ஏறிய ஹோல்ட்டிலேயே.

இதற்கிடையில் 1991இல் தேசிய போக்குவரத்து ஆணைக்குழு ஒன்று பிறந்தது. மாகாண எல்லையைத் தாண்டும் தனியார் பஸ் அவர்கள் கையில். தாண்டாதது மாகாண அதிகார சபை கையில். ஆகவே கந்தளாய்க்குப் போகிறவனின் முறைப்பாடு ஒரு கந்தோருக்கும், அதே வீதியால் தம்புள்ளைக்குப் போகிறவனின் முறைப்பாடு இன்னொரு கந்தோருக்கும் உரியது. சனங்கள் இவ்வளவையும் பார்த்துக்கொண்டு, சிவப்பாக வந்தால் சி.ரி.பி., வேறு நிறத்தில் வந்தால் பிறைவேற் என்று இரண்டே பெயரோடு காலம் தள்ளுகிறார்கள். அந்தச் 'சி'க்குரிய சிலோனே இல்லாமற்போய் அரை நூற்றாண்டு கழிந்தும் சி.ரி.பி. இன்னும் ஓடுகிறது.

பெயர் வைப்பதில் நீங்கள் தனியாக இல்லை என்பது ஆறுதல் தரலாம். பாக்கு நீரிணைக்கு அப்பால் பல்லவன், சேரன், சோழன், பாண்டியன் என்று மூவேந்தரையும் கூட ஒருவரையும் பஸ் ஓட்ட வைத்தார்கள். 1997இல் ஒடுக்கப்பட்ட சாதியில் பிறந்த வீரன் சுந்தரலிங்கத்தின் பெயரில் ஒரு கழகம் தொடங்கியதும், அந்தப் பெயர் எழுதிய பஸ்ஸில் ஏறமாட்டோம் என்று சாதி பார்த்தவர்கள் கலகம் செய்தார்கள். அரசாங்கம் கலகக்காரரை விட்டுவிட்டு எல்லாப் பெயர்களையும் அழித்தது. சோழர்கள் ஒரே உத்தரவில் ஓய்வு பெற்றார்கள். நல்ல வேளை, நீங்கள் எங்கள் பஸ்ஸுக்கு ஊர்க் கதைகளின் மன்னன் குளக்கோட்டன் பெயரை வைக்கவில்லை.

இனி நாங்கள் யார் என்று சொல்ல வேண்டும். எந்தச் சங்கமும் இல்லை, தலைவரும் இல்லை, கூட்டம் போட்டு ஏற்றுக்கொண்ட தீர்மானமும் இல்லை. வளைவுக்கு அப்பால் வரும்போதே அது டாட்டாவா வைக்கிங்கா என்று காதால் சொல்லக்கூடியவர்கள். பஸ்ஸின் முகப்பில் டிப்போவின் பெயர் அழிந்திருந்தால், இலக்கத் தகட்டைப் பார்த்து வயதைச் சொல்லிவிடுவோம்: 'ஸ்ரீ' போட்ட தகடு ஒரு காலம், 62, 63 என்று தொடங்கியது அதற்குப் பிந்திய காலம், என்.ஏ., என்.பி., என்.சி. என்று எழுத்து ஏற ஏற வயது இறங்கும். எங்கள் வீடுகளில் இதற்கு மதிப்பில்லை. வெளியிலும் பெரிதாக இல்லை. கடற்படைத் தளமும் கோட்டையும் துறைமுகமும் உள்ள ஊரில், வெளிநாட்டார் கோணேசர் கோயிலைப் படமெடுக்கலாம், கடலைப் படமெடுக்கலாம். உள்ளூர்க்காரன் பழைய லேலன்ட் ஒன்றைப் படமெடுத்தால் எதற்கு என்று கேட்பார்கள். பஸ்ஸுக்காகத்தான் என்று உண்மையைச் சொன்னால் சந்தேகம் இரட்டிப்பாகும்.

உங்கள் கொள்முதல் வரலாற்றை நாங்கள் பெருமையோடுதான் பார்க்கிறோம். லண்டனில் ஓடிக் களைத்த இரட்டைத்தட்டு பஸ்களை நூற்றுக்கணக்கில் வாங்கிக் கொழும்பில் ஓடவிட்டவர்கள் நீங்கள். எண்பதுகளின் கடைசியில் அதே நகரத்தின் ரூட்மாஸ்டர்களும் சில வந்தன. ஹங்கேரியின் இக்கரஸ், நடுவில் மடங்கி நீண்டு வந்ததைப் பார்த்தவர்கள் இன்றும் கைகளை அகல விரித்துத்தான் அளவு சொல்வார்கள். பிறகு இந்திய டாட்டாவும் அசோக் லேலன்டும். 2023 ஜனவரியில் இந்தியா 75 பஸ்களைக் கையளித்தது. கையளிப்பு விழாவின் படங்களில் பஸ்ஸை விடப் பிரமுகர்கள் அதிகமாகத் தெரிந்தது படம் எடுத்த கோணத்தின் பிழையாக இருக்கலாம். ஒரு வேண்டுகோள்: அடுத்த முறை திறப்பைக் கையில் கொடுக்கும் படத்தோடு, எந்த இலக்கத்து வண்டி எந்த டிப்போவுக்குப் போகிறது என்ற பட்டியலையும் போடுங்கள். எங்களுக்கு அந்தப் பட்டியல் ரிப்பனை விடப் பெரிது.

லண்டன்காரர் 2005 டிசம்பர் 9ஆம் திகதி 159ஆம் இலக்க வழித்தடத்தில் ரூட்மாஸ்டரின் கடைசி நாளைத் தெருவோரம் திரண்டு நின்று வழியனுப்பினார்கள். அதன் பிறகும் சிலவற்றைச் சேமித்து ஓட்டினார்கள். இங்கே வழியனுப்புதல் வேறு விதம். டிப்போவின் பின்புறம், சில்லு கழன்று, கண்ணாடி கழன்று, இருக்கைகள் கழன்று, கடைசியில் கொடி படர்ந்து பச்சையாகும். இத்தனை நிறம் பூசிய உங்களுக்குப் பச்சையை மட்டும் இலவசமாகப் பூசித் தருவது இயற்கைதான்.

எங்கள் ஊருக்கு வருகிறேன். வெளியூரார் அறிந்த திருகோணமலை பஸ், கொழும்பிலிருந்து குருநாகல், தம்புள்ளை, ஹபரணை, கந்தளாய் வழியாக வரும் 49. அதைப் பற்றி எனக்குக் குறையில்லை. இரவெல்லாம் ஓடி விடியற்காலையில் உப்புக் காற்றுக்குள் நுழையும் அந்த பஸ்ஸில் ஓர் அரசியல்வாதியின் உறவினராவது எப்போதும் இருப்பார்; அதனால் அது ஓடும். ஊருக்குள்ளும் குடாவைச் சுற்றியும் போகிற பஸ்களே எனது விடயம்.

இந்தத் துறைமுகத்தை உலகத்தின் சிறந்த இயற்கைத் துறைமுகங்களில் ஒன்று என்று எல்லாப் பாடப்புத்தகமும் புகழும். கப்பலுக்கு அது நல்லதுதான். பஸ்ஸுக்கு அது பெரிய தொல்லை. எதிரே தெரியும் கரைக்குப் போக நிலம் வளைந்து வளைந்து ஓடுகிறது. மூதூருக்குப் போகிறவர்கள் லோஞ்ச் ஏறிக் கொட்டியாரக் குடாவைக் கடந்தார்கள். கிண்ணியாவுக்கு பஸ் கரையோடு நிற்கும், சனம் இறங்கிப் பாதை எனும் மிதவையில் ஏறும், அக்கரையில் இன்னொரு பஸ்ஸைத் தேடும். 2009 ஒக்டோபரில் 396 மீற்றர் நீளத்தில் கிண்ணியாப் பாலம் திறந்தபோது, நாட்டிலேயே நீளமான பாலம் எங்களுடையது என்று நாங்களும் நெஞ்சு நிமிர்த்தினோம். அடுத்த சில ஆண்டுகளில் உப்பாறு, கங்கை, வெருகல் என்று ஏ-15 வீதியின் மற்றப் பாதைகளும் பாலங்களாகின. ஹபரணையையும் பொலன்னறுவையையும் சுற்றாமல் கரையோரமாகவே மட்டக்களப்புக்கு ஒரு பஸ்ஸில் இருந்தபடி போகலாம் என்பது எங்கள் தலைமுறைக்கு ஓர் அதிசயம். கிண்ணியாப் பாலத்தின் நடுவில் பஸ் ஏறும்போது ஜன்னலோரம் கிடைத்தால், அந்தக் காற்றுக்கு நீங்கள் தனியாகக் கட்டணம் அறவிடலாம், கொடுப்போம்.

ஆனால் பாலம் ஒரு வீதிதான். அதன்மேல் ஓடுவதற்கு பஸ் வேண்டும், பஸ்ஸுக்கு நேரம் வேண்டும். மூதூருக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு? புல்மோட்டைக்கு? சாரதியைக் கேட்டால் கொண்டக்டரைக் காட்டுவார், கொண்டக்டர் ரைம் கீப்பரைக் காட்டுவார், ரைம் கீப்பர் தேநீருக்குப் போயிருப்பார். 2025 ஓகஸ்டில், தனியார் பஸ்களோடு சேர்ந்த ஒருங்கிணைந்த நேர அட்டவணை வேண்டாம் என்று சபையின் தொழிற்சங்கங்கள் வேலைநிறுத்தம் செய்தன. எதிர்ப்பதற்காவது ஓர் அட்டவணை இருக்கிறதே என்று நாங்கள் மகிழ்ந்தோம்.

இந்தக் கடிதத்தில் ஓரிடத்தில் மட்டும் பகடியை நிறுத்திக்கொள்கிறேன். கிண்ணியாவில் குறிஞ்சாக்கேணிப் பாலத்தைப் புதிதாகக் கட்டுவதற்காகப் பழையது அகற்றப்பட்டது. வேலை முடியும்வரை சனத்துக்கு ஒரு மிதப்புப் பாதை. 2021 நவம்பர் 23ஆம் திகதி காலை அது கவிழ்ந்து, பள்ளிக்கூடத்துக்குப் புறப்பட்ட பிள்ளைகள் உட்படப் பல உயிர்கள் போயின. சுற்று வழியால் தூரம் அதிகம் என்பதால்தான் அவர்கள் அந்தப் பாதையில் ஏறினார்கள். பாலத்தைக் கழற்றுகிற நாளிலேயே, சுற்று வழியால் பள்ளி நேரத்துக்கு இரண்டு பஸ் என்று எழுதுவதற்கு ஒரு கையொப்பம் போதும். 'சிசு செரிய' என்று மாணவர்களுக்கென்றே தனிச் சேவையும் உங்களிடம் உண்டு. வீதி ஒரு திணைக்களம், பாலம் ஒரு திட்டம், படகு ஒரு சபை, பஸ் இன்னொரு சபை. பிள்ளை மட்டும் ஒன்றுதான்.

எரிபொருளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 2022 ஜூன் கடைசியில், அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டுமே எரிபொருள் என்று நாடு நின்றது. எங்கள் பஸ்களும் டீசலுக்கு நின்றன. அவை நின்ற இடத்திலிருந்து சில கிலோமீற்றரில், சீனக்குடாவில், இரண்டாம் உலகப் போரையொட்டிப் பிரித்தானியர் கட்டி விட்டுப்போன எண்ணெய்த் தாங்கிகள்: நூறுக்கு ஒன்று குறைவு. பெரும்பாலானவை காட்டுக்குள் வெறுமையாகக் கிடந்தன. அந்த ஆண்டு ஜனவரியில்தான் அவற்றைப் பங்கிட்டு ஒப்பந்தமும் எழுதியிருந்தீர்கள். ஆசியாவின் எண்ணெய் மையம் ஆகப்போகிற ஊரில் நிலாவெளிக்கு நடந்துபோனவர்களுக்கு அந்தச் செய்தி நல்ல வழித்துணை.

சொகுசு பற்றியும் ஒரு விளக்கம் தேவை. சாதாரண கட்டணத்தின் ஒன்றரை மடங்குக்கு 'அரைச் சொகுசு' என்று ஒரு வகுப்பு வைத்தீர்கள். மேலதிகமாகக் கொடுக்கும் அரைக்குக் கிடைப்பது ஜன்னல் திரை என்றே நாங்கள் கருதுகிறோம். திரையை இழுத்தால் வெளியே உள்ள சாதாரண பஸ் தெரியாது. சொகுசு அங்கேதான் தொடங்குகிறது.

தனியார் பஸ்களின் அலங்காரத்தில் 2025 ஜனவரியில் நீங்கள் கை வைத்தபோது எங்களுக்குள் சண்டை வந்ததையும் மறைக்க விரும்பவில்லை. 'கிளீன் ஸ்ரீலங்கா' என்று பொலிஸார் மேலதிக விளக்கு, ஹோர்ன், கம்பி எல்லாவற்றையும் கழற்றச் சொன்னார்கள். எதிரே வருபவரின் கண்ணைக் குருடாக்கும் விளக்கு போகத்தான் வேண்டும். ஆனால் முன் கண்ணாடிக்கு மேலே பிள்ளையாரும் புத்தரும் மாதாவும் மக்காவும் ஒரே பிளாஸ்டிக் மாலைக்குள் இருந்த பஸ்களை நான் கண்டிருக்கிறேன். இந்த ஊரில் அவ்வளவு பேரும் ஒன்றாக அமர்ந்த வேறு மேடையை நான் கண்டதில்லை. அதற்கு அலங்காரச் சட்டத்தில் ஓர் உபபிரிவு எழுதியிருக்கலாம்.

நகரத்துப் புள்ளிமான்களையும் குறிப்பிட வேண்டும். பஸ் நிலையத்துப் பக்கம் அவை சுதந்திரமாக உலாவுவதைச் சுற்றுலாப் பயணிகள் வியந்து பார்க்கிறார்கள். எங்களுக்கு வியப்பில்லை. எந்த பஸ்ஸுக்கும் காத்திராததால் அவற்றின் முகத்தில் அந்த அமைதி.

நாங்கள் கேட்பது பெரிய விடயமில்லை. இரட்டைத்தட்டு வேண்டாம், குளிரூட்டி வேண்டாம். நிலையத்தின் சுவரில் மூன்று மொழியில் ஒரு பலகை: கிண்ணியா, மூதூர், குச்சவெளி, புல்மோட்டை, கந்தளாய், கன்னியா, ஒவ்வொன்றுக்கும் முதல் பஸ், கடைசி பஸ். கடைசி பஸ்ஸை ஓட்ட முடியாத நாளில், அதைச் சோக்கினால் எழுதிப்போட ஒரு கரும்பலகை. கிண்ணியாவின் உள்வீதிகளுக்குள் நீண்ட வண்டி திரும்பாது என்பதால் அங்கே குட்டை வண்டிகள். கடைசியாக, ஒரு வகை வண்டியை முற்றாகக் கழிக்க முன்னர், அதில் ஒன்றையாவது கூரையின்கீழ் நிறுத்தி, அது எந்த ஆண்டு வந்தது, எந்த டிப்போவில் ஓடியது என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள். எழுத ஆள் இல்லையென்றால் எங்களைக் கூப்பிடுங்கள். சம்பளம் தேவையில்லை, படமெடுக்க அனுமதி போதும்.

இப்படிக்கு,
பின்வாசலுக்கு அடுத்த இருக்கையிலிருந்து,
ஒரு பஸ் பித்தன்.

பி.கு.: இந்தப் பந்தி மேலிடத்துக்கு அல்ல, வாசிக்கும் உங்களுக்கு. வீட்டுப் பெட்டிகளில் பழைய சி.ரி.பி. டிக்கற், சீசன், பஸ் பின்னணியில் நிற்கும் கல்யாணப் படம், மூதூர் லோஞ்ச் அல்லது கிண்ணியாப் பாதையின் படம் எதுவாவது கிடந்தால் எறிந்துவிடாதீர்கள். பின்பக்கத்தில் ஆண்டையும் இடத்தையும் பென்சிலால் எழுதி வையுங்கள்.