செத்தவன் காதலும் துணிப்பை ரசிகரும்

திருவனந்தபுரத்து 'டெலிகேட்' டிசம்பர் மாதத்தில் பெருவாரியாகக் காணப்படுபவர். கழுத்தில் அடையாள அட்டை, தோளில் விழாக்குழு கொடுத்த துணிப்பை, பைக்குள் பென்சிலால் கோடிட்ட நிகழ்ச்சி நிரல் ஆகியவை இவருடைய அடையாளங்கள். கேரள சர்வதேசத் திரைப்பட விழா 1996இல் கோழிக்கோட்டில் பிறந்து, பிறகு தலைநகரில் நிலைத்தது. அதோடு இவரும் நிலைத்தார். மூதாதையரைத் தேடிப் போனால் 1965இல் அடூர் கோபாலகிருஷ்ணன் முதலியோர் தொடங்கிய சித்ரலேகா ஃபிலிம் சொசைட்டியில் போய் நிற்கலாம். மற்ற மாதங்களில் இவர் தலைமைச் செயலகத்தில் கோப்பு பார்ப்பார், டுட்டோரியலில் பொருளாதாரம் நடத்துவார், அல்லது ஓய்வூதியம் வாங்குவார். அட்டையை மாட்டியதும் உத்தியோகம் உதிர்ந்துவிடும். அண்டர் செக்ரட்டரியும் அவருடைய அலுவலக உதவியாளரும் டாகூர் தியேட்டர் படிக்கட்டில் ஒரே கட்டன் சாயாவோடு உட்கார்ந்து ஈரானைப் பற்றிப் பேசுவார்கள்.

பொறுமைதான் இவருடைய தலையாய குணம். 2022 விழாவில் வாழ்நாள் சாதனையாளர் விருது பெற்ற ஹங்கேரி இயக்குநர் பேலா தாரின் படத்தில் அப்பாவும் மகளும் வேகவைத்த உருளைக்கிழங்கை உரித்துத் தின்பார்கள். அதைத் தோல் ஒன்று விடாமல் பார்த்து முடிப்பார். கிம் கி டுக் படத்தின் தூண்டில் முள் காட்சிகளிலும் கண்ணை மூட மாட்டார். அந்தக் கொரிய இயக்குநர் 2013இல் நேரிலேயே வந்தபோது சூழ்ந்த கூட்டம், மலையாள நட்சத்திரங்கள் பொறாமைப்படத்தக்கது. பயமும் இவருக்குப் பழக்கம்தான். 2022இல் நிஷாகந்தி திறந்தவெளி அரங்கில் இந்தோனேசியப் பேய்ப்படத்தையும் மறு ஆண்டு 'தி எக்ஸார்சிஸ்ட்' படத்தையும் நள்ளிரவில் கொசுக்கடியோடு பார்த்தவர். இப்படிப்பட்டவரை நிலைகுலைய வைப்பது ஒரே ஒரு வகைப் படம்: பிணம் எழுந்து வந்து காதலிக்கும், பார்ப்பவரைச் சிரிக்கவும் வைக்கும் ஜாம்பி காதல் நகைச்சுவை.

சங்கடம் பிணத்தால் வருவதல்ல. ஜாம்பியை இவர் மதிக்கிறார். ஜார்ஜ் ரொமேரோ 1968இல் 'நைட் ஆஃப் தி லிவிங் டெட்' எடுத்தார். அடுத்து 1978இல் பிணங்களை ஒரு ஷாப்பிங் மாலுக்குள் உலவ விட்டார். அது நுகர்வுப் பண்பாட்டின் மீதான தாக்குதல் என்று விமர்சகர்கள் சொன்னதை டெலிகேட் மனப்பாடமாக வைத்திருக்கிறார். 2021 டிசம்பரில் ஆக்குளத்தில் லுலு மால் திறந்த பிறகு அந்தப் பாடத்துக்கு உள்ளூர் உதாரணமும் கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமை எஸ்கலேட்டரில் ஏறும் கூட்டத்தைக் கீழிருந்து பார்த்து "ரொமேரோ!" என்பார். பிறகு தானும் ஏறுவார். வீட்டில் பிரியாணி அரிசி வாங்கிவரச் சொல்லியிருப்பார்கள்.

காதலும் இவருக்குத் தடையல்ல, பிரிவில் முடியும்பட்சத்தில். சிக்கலெல்லாம் சிரிப்பில் இருக்கிறது. துயரப் படத்தில் எங்கே உறைந்துபோக வேண்டும் என்பது இவருக்குத் தெரியும். நகைச்சுவைப் படத்தில் சிரிப்பு கேட்காமலே வந்துவிடுகிறது. வந்த பிறகு அதற்குக் காரணம் கண்டுபிடிப்பது சிரமம்.

எட்கர் ரைட் இயக்கி 2004இல் வெளிவந்த 'ஷான் ஆஃப் தி டெட்' இந்தச் சோதனைக்கு ஏற்ற படம். லண்டனில் மின்சாதனக் கடை ஊழியன் ஷான் எந்நேரமும் ஒரே மதுக்கடையில் கிடப்பதால் காதலி விட்டுப் போகிறாள். மறுநாள் காலை ஊரே பிணமாகி நடக்கிறது. ஷான் தூக்கக் கலக்கத்தில் அவர்களுக்கு நடுவே கடைக்குப் போய்த் திரும்புகிறான், ஒன்றையும் கவனிப்பதில்லை. இந்த இடத்தில் டெலிகேட் முதலில் இடப்பக்கம் பார்ப்பார், பிறகு வலப்பக்கம். முன்வரிசையில் மூத்த சொசைட்டிக்காரர் யாராவது குலுங்கினால் அனுமதி கிடைத்ததாகப் பொருள். அப்படி யாரும் இல்லாவிட்டால் தொண்டையைச் செருமிச் சமாளிப்பார். அரங்கில் இருபது பேருக்கு ஒரே சமயத்தில் இருமல் வந்தால் நகைச்சுவை வெற்றி என்று கொள்ளலாம்.

அந்தப் படத்தின் வெறிச்சோடிய தெருக்கள் வெளிநாட்டுப் பார்வையாளரைப் பயமுறுத்தியிருக்கும். திருவனந்தபுரத்துக்காரருக்கு அது ஹர்த்தால். எம்.ஜி. ரோட்டில் ஒரு கடைகூடத் திறக்காமல், நடுத்தெருவில் நாய் படுத்திருக்கும் காட்சியை அவர் ஆண்டுதோறும் இலவசமாகப் பார்த்து வளர்ந்தவர். பிணங்கள் ஊரைப் பிடித்தால் முதலில் என்ன செய்வார் என்று கேட்டால், முந்தின நாளே பாலும் முட்டையும் வாங்கி வைப்பேன் என்பார்.

2013இல் வந்த 'வார்ம் பாடீஸ்' இன்னும் கடுமையான சோதனை. இதில் கதாநாயகனே ஜாம்பி. பேச்சு வராது, சொந்தப் பெயரில் ஆர் என்ற முதலெழுத்து மட்டும் ஞாபகம். ஒரு பெண்ணின் காதலனைக் கொன்று மூளையைத் தின்கிறான். மூளையோடு அவனுடைய நினைவுகளும் வருகின்றன. அந்த நினைவுகளால் அவள் மீது காதல் பிறக்கிறது. காதலிக்கக் காதலிக்க இதயம் துடிக்கத் தொடங்குகிறது. டெலிகேட் முதல் அரைமணி நேரம் நெளிவார். பெண்ணின் பெயர் ஜூலி என்பதும், மாடி முகப்பில் ஒரு சந்திப்பு வருவதும் உறைத்ததும் முதுகு நிமிரும். ஷேக்ஸ்பியர்! இனிச் சிரிக்கலாம், இது இலக்கியம். அதுவரை அடக்கியதையும் சேர்த்துச் சிரிப்பதால், சிரிப்பு சற்றும் பொருந்தாத சோகக் காட்சியில் போய் விழுவதுண்டு.

தமிழ்ப் படம் என்றால் இவர் இலகுவாகிவிடுவார். இந்த ஊரின் சாலை பஜாரிலும் கரமனையிலும் தமிழ் தலைமுறை தலைமுறையாகப் புழங்குவது. விஜய் படத்தின் முதல் காட்சிக்கு விசிலடித்த வாய்தான் டிசம்பரில் மௌனம் பூணுகிறது. சக்தி சௌந்தர் ராஜன் இயக்கிய 'மிருதன்' 2016 பிப்ரவரியில் வந்தது. ஊட்டியில் ரசாயனக் கழிவைக் குடித்த நாயிடமிருந்து நோய் பரவுகிறது. போக்குவரத்துக் காவலர் ஜெயம் ரவி, டாக்டர் லட்சுமி மேனன் மீது ஒருதலைக் காதலோடு சுட்டுக்கொண்டே ஓடுகிறார். நகைச்சுவை அங்கே ஊறுகாய் அளவுதான். அந்தப் பிணங்களுக்குத் தண்ணீரைக் கண்டால் பயம் என்பது தெரியவந்ததும் திருவனந்தபுரத்துப் பார்வையாளர் கதையை அங்கேயே முடித்துவிடுவார். இடவப்பாதி மழை ஜூனில், துலாவர்ஷ மழை அக்டோபரில். நடுவே வெயிலடித்தாலும் தம்பானூரில் தேங்கிய தண்ணீர் வடியாது. இங்கே ஒரு ஜாம்பி பேருந்து நிலையத்தைத் தாண்டாது என்று பெருமையோடு சொல்வார். மாநகராட்சியை அவர் பாராட்டும் ஒரே சந்தர்ப்பம் இது.

படம் முடிந்தபின் விவாதம் தம்பானூர் இந்தியன் காபி ஹவுஸில் நடக்கும். லாரி பேக்கர் கட்டிய செங்கல் சுருள் அது. மாடி என்று தனியாக இல்லை, சரிவு வளைந்து வளைந்து மேலே போகும். விவாதமும் அதே வழியில் போகும். முதல் வளைவில் படம் எப்படி என்ற கேள்வி. இரண்டாவது வளைவில் ஜாம்பி தொழிலாளி வர்க்கமா, உதிரிப் பாட்டாளியா என்ற தகராறு. மூன்றாவதில் கட்சிக்குள் ஏற்பட்ட பழைய பிளவு. விசிறித் தலைப்பாகைக்காரர் மசால் தோசை கொண்டுவந்து வைப்பார். பிய்த்தால் உள்ளே பீட்ரூட் சிவப்பு. இரண்டு மணி நேரம் மூளை தின்பதைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் முகம் சுளிக்காமல் அதைத் தின்பார்கள். படத்தில் எந்த இடத்தில் சிரிப்பு வந்தது என்பது மட்டும் எந்த வளைவிலும் பேசப்படுவதில்லை.

அதைப் பேசுபவர்கள் வீட்டில் இருக்கிறார்கள். டெலிகேட்டின் அம்மாவுக்குச் செத்தவர் காதலிப்பது புதுச் செய்தியல்ல. பத்மநாபசுவாமி கோயிலின் நிலவறைகள் 2011இல் உச்ச நீதிமன்ற உத்தரவின்பேரில் திறக்கப்பட்டபோது 'பி' அறை மட்டும் திறக்கப்படவில்லை. அதற்குள் காஞ்ஞிரோட்டு யட்சி குடியிருப்பதாக ஐதிகம். பல்லக்குத் தூக்கி ஒருவன் மீது ஆசைப்பட்டு, அவன் கையாலேயே செத்து, யட்சியாகத் திரும்பி வந்த அழகி அவள். அவளுடைய ஊரான காஞ்சிரகோடு இன்று கன்னியாகுமரி மாவட்டத்தில் இருக்கிறது. அம்மாவின் பிறந்த வீடும் அந்தப் பக்கம் என்றால் வெளிநாட்டு ஜாம்பிக்கு மதிப்பெண் கிடைப்பது அரிது.

"இவனுக்குப் பேச்சும் இல்ல, பேரும் இல்ல, மூஞ்சியில ரத்தமும் இல்ல. அந்தப் பிள்ள என்னத்தப் பார்த்து மயங்கினா மக்களே? நம்ம யட்சிண்ணா பாலப்பூ வாசம் வரும், சுண்ணாம்பு கேட்டு நிப்பா, ஒரு லெச்சணம் உண்டு" என்பார், 'வார்ம் பாடீஸ்' பார்த்த அம்மா. மகன் ரொமேரோவை விளக்கத் தொடங்கினால், "சவம் கிடக்கட்டும், நீ சோறு திங்க வா" என்று பதில் வரும். ஆனால் காதலனின் மூளையைத் தின்ற இடத்தில் வாய்விட்டுச் சிரித்தது அந்த வீட்டில் அவர் ஒருவர்தான்.

விழாவுக்கு வரும் பொறியியல் கல்லூரி விடுதி மாணவர்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சிரிப்பு வந்தால் சிரிக்கிறார்கள், வராவிட்டால் அடுத்த படத்துக்குப் போகிறார்கள். டெலிகேட் இவர்களைக் கவலையோடு பார்க்கிறார். விழாவில் இவர்கள் எண்ணிக்கை கூடிவருவதால் காலையில் முன்பதிவு திறந்த சில நிமிடங்களில் இடம் தீர்ந்துவிடுகிறது என்பது கவலையின் ஒரு பகுதி. 2022இல் 'நண்பகல் நேரத்து மயக்கம்' படத்துக்கு இடம் கிடைக்காதவர்களின் கூச்சல் வழக்கு வரை போனது. மம்மூட்டி பேருந்தில் தூங்கி எழுந்து, காணாமல்போன தமிழர் ஒருவராக மாறி அவர் வீட்டுக்குள் நுழையும் கதை அது. அதைப் பேய்க்கதை என்று மாணவர்கள் சொன்னால் டெலிகேட் திருத்துவார்: அடையாளச் சிக்கல்.

காலம் இந்தச் சங்கடத்தை ஓரளவு தீர்த்துவைக்கிறது. ஒரு நகைச்சுவைப் படம் வெளிவந்து பத்துப் பதினைந்து ஆண்டுகள் போய், 'கல்ட்' என்ற பட்டத்தையும் வாங்கிவிட்டால் அதற்குச் சிரிப்பது அறிவீனம் ஆகாது. சிரிக்காததுதான் அறிவீனம். 'ஷான்' இந்த வயதை எப்போதோ கடந்துவிட்டது. இப்போது அதைத் திரையிட்டால் டெலிகேட் நகைச்சுவை வருவதற்கு இரண்டு நொடி முன்பே சிரிக்கிறார். சிரித்துவிட்டு, பக்கத்து இருக்கை மாணவர் இன்னும் ஏன் சிரிக்கவில்லை என்று திரும்பிப் பார்க்கிறார்.