சக்கரத் துளை உயரதிகாரிக்கு ஒரு விண்ணப்பம்

பெறுநர்: சக்கரத்தில் எங்கே துளையிடுவது என்று முடிவு செய்யும் உயரதிகாரி அவர்கள், அனைத்துக் கார் கம்பெனிகள்.

பொருள்: கதவோர ஸ்டிக்கரில் கூடுதலாக ஒரு வரி அச்சிடக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

கனடாவின் கியூபெக் மாகாணத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை கார்களுக்கு விண்டர் டயர் கட்டாயம். இல்லாமல் அகப்பட்டால் குறைந்தது 200 டாலர் அபராதம். டயரின் பக்கவாட்டில் மூன்று முகட்டு மலையும் பனித்துகளும் பொறித்திருக்க வேண்டும். அந்த டயரை எந்த வீலில் மாட்டுவது என்ற விஷயம் மட்டும் தங்களிடம் குடும்ப ரகசியம்போலப் பத்திரமாக இருக்கிறது.

ஒரே ரிம்மில் ஆண்டுக்கு இரண்டு முறை டயரைக் கழற்றி மாட்டினால் கூலி தண்டம். ஆகவே பலர் குளிர்காலத்துக்கென்று வெளிக்கம்பெனி வீல் ஒரு செட் வாங்கி வைக்கிறார்கள். கடையில் ஐந்து துளை வீல்கள் அடுக்கடுக்காக நிற்கின்றன. காரிலும் ஐந்து போல்ட்தான். பொருந்திவிடும் என்று நம்பும் அப்பாவிக்குத் தாங்கள் வைத்திருக்கும் பாடம் அருமையானது. துளைகள் அமைந்த வட்டத்தின் விட்டம் கொரோலாவில் 100 மில்லிமீட்டர், கோல்ஃபில் 112, ஹோண்டா சிவிக்கில் 114.3. சிவிக் என்ற பெயரையே நம்பி வாங்கவும் வழியில்லை: 2017இல் வந்த சிவிக் டைப் ஆருக்கு 120! சுபாரு ஃபாரெஸ்டர் 2018 மாடல் வரை 100. மறு வருடமே 114.3க்குத் தாவிவிட்டது. பழைய ஃபாரெஸ்டரை விற்றுப் புதியது வாங்கியவரின் கராஜில் நான்கு நல்ல வீல்கள் வேலையற்றுக் கிடக்கும். இதையும் முன்னேற்றத்தில் சேர்த்துக்கொள்ளலாம்.

துளை பொருந்தினால் நடு ஓட்டை காத்திருக்கிறது. அந்த ஓட்டைக்குள் நுழையும் சிவிக்கின் ஹப் 64.1 மில்லிமீட்டர். வெளிக்கம்பெனிக்காரர் நாலு காருக்கும் ஆகட்டுமென்று பெரும்பாலும் 73.1 அளவில் ஓட்டை போடுவார். இடைவெளியை அடைக்க மெல்லிய வளையம் ஒன்று வேண்டும். வளையமில்லாமல் மாட்டி, வீல் மயிரிழை மையம் தப்பினால், நெடுஞ்சாலையில் ஸ்டியரிங் நடுங்கும். அலுமினிய வளையம் வாங்கினால் சாலையில் தூவும் உப்பு அதை ஹப்போடு ஒட்டவைத்துவிடும். வசந்தத்தில் சுத்தியலெடுத்துத் தட்ட வேண்டும். பிளாஸ்டிக் ஒட்டாது, கழற்றும்போது விரிசல் விடும்.

நட்டையும் சொல்லாமல் விட முடியாது. ஹோண்டாவின் சொந்த நட்டுக்கு உருண்டையான அடி. வெளி வீலின் குழியோ பெரும்பாலும் 60 பாகைக் கூம்பு. உருண்டையைக் கூம்பில் முறுக்கினால் இறுகியதுபோல நடிக்கும், ஓட ஓடத் தளரும். புதிய நட்டே வாங்கினாலும் சுபாருவுக்கு மரையிடைவெளி 1.25, ஹோண்டாவுக்கு 1.5, தடிமன் இரண்டுக்கும் அதே 12. கண்ணுக்குத் தெரியாது, போல்ட்டின் மரைக்குத் தெரியும். வீல் எவ்வளவு உள்ளே அல்லது வெளியே தள்ளி உட்காரும் என்ற ஆஃப்செட், பிரேக் காலிப்பர் இடிக்கும் கதையெல்லாம் இன்னொரு மனுவுக்கு ஆகும்.

ஓட்டுநர் கதவைத் திறந்தால் அங்கே தங்கள் ஸ்டிக்கர் இருக்கிறது. டயர் அளவு உண்டு, காற்றழுத்தம் உண்டு, எத்தனை பேர் ஏறலாம் என்பதும் உண்டு. துளை வட்டம், நடு ஓட்டை, ஆஃப்செட், நட் அளவு இந்த நான்கும் இல்லை. ஒரு வரிக்கு இடம் அங்கேயே காலியாகக் கிடக்கிறது. டிசம்பர் 1க்குள் ஆவன செய்யுமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்ளப்படுகிறது.

இப்படிக்கு,
நவம்பர் கடைசி வாரத்தில் டயர்க் கடை வரிசையில் நிற்போர்