பத்தாயிரம் வாட்ஸ் வேண்டாமுங்க சித்தப்பா

ஜூரோங் வெஸ்ட், சிங்கப்பூர்

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

வாட்ஸ்அப்பில் நீங்க அனுப்பிய பேச்சைக் கேட்டேன். பின்னால் ஓடுன தறிச் சத்தத்தில் பாதி புரியலை. புரிஞ்ச பாதி இதுதான்: கம்ப்யூட்டர் மேசைக்கு ஒரு ஸ்பீக்கர் செட் வேணும், கையில் பத்தாயிரம் ரூபா இருக்குது, அஞ்சாறு பெட்டி இருக்கோணும், வாட்ஸும் பத்தாயிரம் இருக்கோணும், லைட்டு எரியோணும், அது சிங்கப்பூர் சாமானா இருக்கோணும்.

கருமத்தம்பட்டி சுத்துவட்டார நோம்பிக்கெல்லாம் மைக் செட் கட்டின கை உங்களுது. நீங்க மரத்து மேல குழாயைக் கட்டினா, சோமனூர் ரயிலடியில் நிக்கறவங்க பாட்டோட சேர்ந்து பாடுவாங்க. அப்பேர்ப்பட்ட ஆளு எங்கிட்ட யோசனை கேட்டதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் ஏறிப்போச்சுங்க. அதனால கடுதாசி நீளும், பொறுத்துக்கோங்க.

முதல்ல இந்த ஊர்ச் சங்கதி. நான் இருக்கிறது அடுக்குமாடியில் ஒரு வாடகை ரூம். கட்டிலைப் போட்டா மேசை நகராது, மேசையை நகர்த்தினா கதவு திறக்காது. ராத்திரியில் சத்தம் கூடாதுங்கறது இங்கத்த வழக்கம். பக்கத்து வீட்டுச் சீனப் பாட்டி திட்ட மாட்டாங்க, சண்டை போட மாட்டாங்க. காலையில் லிஃப்ட்டில் பார்த்துச் சிரிப்பாங்க. அந்தச் சிரிப்புக்குப் பயந்தே நான் வால்யூமைத் தொடறதில்லை. ஆனா கீழ்த்தளத்தை வெறும் தூணா விட்டிருக்காங்க, வாய்ட் டெக்குன்னு பேரு. சனி ஞாயிறில் மலாய்க்காரங்க கல்யாணம் அங்கேதான். மைக்கைத் தட்டி ஊதிப் பார்த்துட்டு, மாப்பிள்ளையோட பெரியப்பா கரோக்கே பாட ஆரம்பிப்பார். சுருதி சேராது, நிறுத்தவும் மாட்டார். அப்போதெல்லாம் உங்க ஞாபகந்தான்.

ஸ்பீக்கர் பார்க்க முதல்ல அடெல்ஃபிங்கற கட்டடத்துக்குப் போனேன். அங்கே பாட்டுச் சாமான் கடைகள் வரிசையா இருக்குது. கண்ணாடிக்குப் பின்னால நம்ம உயரத்துக்கு ரெண்டு பெட்டி, நடுவுல ஒரு சோபா, அதில் கண்ணை மூடிக்கிட்டு ஒரு பெரிய மனுசன். விலைச்சீட்டைப் பார்த்தேன். நம்ம தறிக்குடோனை வித்து, கூடவே தறியையும் வித்தா ஒரு பெட்டி கிடைக்கும் போலிருந்துச்சு. ஒயருக்கே தனி விலை. சத்தமில்லாம வெளியே வந்துட்டேன்.

அப்புறம் ரோச்சோர் பக்கம் சிம் லிம் ஸ்கொயர். மாடிக்கு மாடி எலக்ட்ரானிக்ஸ் கடை. நம்ம மாதிரி ஆளுக்கு அதுதான் லாயக்கு. நீங்க கேட்ட சிங்கப்பூர் சாமானை அங்கேதான் பார்த்தேன். இந்த ஊர்க்காரர் சிம் வோங் ஹூ 1981-ல் பேர்ல்ஸ் சென்டர்ல ஒரு கம்ப்யூட்டர் ரிப்பேர் கடையா ஆரம்பிச்சதுதான் கிரியேட்டிவ் கம்பெனி. 1989-ல் சவுண்ட் பிளாஸ்டர் கார்டு போட்டு, ஊமையா இருந்த கம்ப்யூட்டரை உலகம் பூரா பேச வச்சாங்க. அவங்களோட பெபிள்னு ஒரு சின்ன ஜோடி இருக்குது. ரெண்டும் உருண்டை, 45 டிகிரி மேலே பார்த்த மாதிரி இருக்கும், யூஎஸ்பி ஒயர்லயே கரண்ட் எடுத்துக்கும். நான் பார்த்தப்ப சுமார் முப்பது சிங்கப்பூர் வெள்ளி, நம்மூர்க் காசுக்கு ரெண்டாயிரம் சொச்சம். பேச்சும் பாட்டும் தெளிவா வரும். மத்தளம் மட்டும் வயித்தில் இடிக்காது.

இப்ப வாட்ஸ் விசயத்துக்கு வாறேன், கோவிச்சுக்காதீங்க. பெட்டி மேல 'பி.எம்.பி.ஓ' போட்டு ஆயிரக்கணக்கில் எழுதியிருப்பாங்க பாருங்க, அது சுத்த எகத்தாளம். அப்படி எழுத எந்தக் கணக்கும் கிடையாது, வாய்க்கு வந்த நம்பர். 'ஆர்.எம்.எஸ்' என்ன போட்டிருக்குதுன்னு மட்டும் பாருங்க. சுமாரான ஸ்பீக்கருக்கு ஒரே ஒரு வாட் கொடுத்தா, ஒரு மீட்டர் தூரத்தில் 85 டெசிபல் கிட்ட வந்துரும். தறி ஓடற குடோன்லயே 90-க்கு மேலதான் இருக்கும். மேசைக்கு முன்னால, கையெட்டற தூரத்தில் உக்கார்றவருக்கு எதுக்குங்க பத்தாயிரம் வாட்ஸ்? வாட்ஸை ரெட்டிப்பாக்கினா கூடறது வெறும் 3 டெசிபல். காதுக்கு ரெண்டு மடங்கு சத்தமாத் தெரியோணும்னா பத்து மடங்கு வாட்ஸ் வேணும். அதுக்கு மேல உங்க காது தறிக்குடோன்ல பழகின காது. அதை இனியாவது சும்மா விடுங்க.

அஞ்சாறு பெட்டியும் வேண்டாமுங்க. பத்தாயிரத்தை அஞ்சு பெட்டிக்குப் பிரிக்கிறது, நாலு ஏக்கரை எட்டுப் பங்காளிக்குப் பிரிச்ச மாதிரி. யாருக்கும் தென்னை வைக்க இடம் இருக்காது. ரெண்டே பெட்டி, மரப்பெட்டியா, ஆம்ப்ளிஃபயர் உள்ளேயே இருக்கிறதா வாங்குங்க. எடிஃபயர் ஆர்1280டி அப்படி ஒண்ணு. நாலு இஞ்சு கோன், தனி ட்வீட்டர், மொத்தம் 42 வாட்ஸ் ஆர்.எம்.எஸ். விலை உங்க பத்தாயிரத்துக்குள்ள வருமான்னு விசாரிச்சுக்கோங்க. நான் வாங்கினதும் அதேதான், பழசா. கரோசல்னு ஒரு செயலியில் பிடிச்சேன், வித்தவர் எம்ஆர்டி ரயில் ஸ்டேசன் வாசல்ல பையோட நின்னார். அங்கத்த பிளக்கிலேயே போட்டு, நீங்க சொல்லிக்கொடுத்தபடி கோனை ரெண்டு பக்கமும் விரல் வச்சு மெல்ல அமுக்கிப் பார்த்தேன், காயில் உரசலை. வால்யூம் திருகையில் கரகரப்பு இல்லை. ஓரத்து வளையம் ரப்பர். ஃபோமா இருந்தா இந்த ஈரக்காத்தில் சில வருசத்தில் பொடிஞ்சு போயிரும். அவர் என்னை மெக்கானிக்குன்னே நினைச்சுக்கிட்டார்.

வாங்கறதை விட வைக்கிறதுதான் முக்கியமுங்க. ரெண்டு பெட்டிக்கு நடுவில் எவ்வளவு தூரமோ, ஒவ்வொண்ணுக்கும் உங்க தலைக்கும் அவ்வளவு தூரம் இருக்கோணும். ட்வீட்டர் காது உயரத்துக்கு வரோணும். பழைய கூலி நோட்டுகளை அடியில் அடுக்கினாப் போதும். செவுத்தோட ஒட்டி வைக்காதீங்க, ஒரு சாண் தள்ளுங்க. மூலையில் வச்சா பேஸ் கொழகொழன்னு குரலை மூடிரும். இதுக்கெல்லாம் ஒரு பைசா செலவில்லை.

அப்புறம் 'பிரியா' பாட்டைப் போடுங்க. 1978-ல் வந்த படம், இந்தச் சிங்கப்பூரில் வந்து எடுத்தாங்க. தமிழில் முதன்முதலா ஸ்டீரியோவில் பதிவான பாட்டுகள்னு அதுக்குப் பேரு. இளையராஜா ஒரு வாத்தியத்தை இந்தப் பக்கம், இன்னொண்ணை அந்தப் பக்கம்னு பிரிச்சு வச்சிருக்கார். நீங்களோ அதைக் குழாயில் போட்டீங்க. குழாய் குரலைத் தூரத்துக்குக் கொண்டுபோகும். பேஸ் அதில் வராது, இடம் வலமும் தெரியாது. ஊரையே அந்தப் பாட்டைக் கேட்க வச்ச நீங்க பாதிதான் கேட்டிருக்கீங்க.

கடைசியா ஒண்ணு. இங்கிருந்து கொண்டு வரச் சொல்லாதீங்க. மரப்பெட்டி கனம், ஏரோப்ளேன்ல எடைக்குக் காசு. பிளக்கு மூணு செவ்வக முள்ளு, நம்ம செவுத்தில் சேராது. ரிப்பேருன்னா வாரண்டி அங்கே செல்லாது. அதே சாமான் கோயமுத்தூர்லயே கிடைக்குது. காந்திபுரம் போங்க, கடையில் நின்னு உங்க பாட்டையே போடச் சொல்லி ஒண்ணு முழுசாக் கேளுங்க. லைட்டு எரியுதான்னு மட்டும் பார்த்து வாங்காதீங்க. பில்லு வாங்காம வராதீங்க.

சித்திக்கு என் வணக்கம்.

இப்படிக்கு,
உங்க அண்ணன் மகன்